கொசஸ்தலைக் கரையில் காத்திருந்த சைனியம்

கும்மிடிப்பூண்டியிலிருந்து திருவள்ளூர் மார்க்கமாகக் காஞ்சிபுரம் சென்று சேர இன்று ஒரு சரக்கு லாரிக்கு அரைநாள்கூட வேண்டியதில்லை. ஆயினும், 1780-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 24-ஆம் தேதி இதே கும்மிடிப்பூண்டியில் வந்து பாளையமிறங்கிய கிழக்கிந்தியக் கும்பினிச் சைனியம் ஒன்று, இதே காஞ்சியை நோக்கிப் புறப்பட்டுப் பதினேழு நாட்கள் சென்ற பின்னும் அந்நகரின் கோபுரங்களை எட்டாமல், அதற்குச் சில மைல் இப்பாலேயே முற்றாக அழிந்துபோயிற்று. ஹைதர் அலியின் யுத்த சாதுரியத்துக்கும் திப்பு சுல்தானின் இளமைத் துணிவுக்கும் சான்றாக இச்சம்பவத்தைச் சரித்திர ஆசிரியர்கள் சொல்வது வழக்கம், சொல்வது நியாயமுங்கூட. ஆனால், வாளையும் பீரங்கியையும் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, வழிகளையும் ஆற்றுத் துறைகளையும் எருதுகளையும் அரிசி மூட்டைகளையும் மாத்திரம் கணக்கில் எடுத்துக்கொண்டு இந்தக் கதையைப் படிப்போமானால், யுத்தம் தொடங்குவதற்கு முன்பே அதன் முடிவு ஏறக்குறைய எழுதப்பட்டுவிட்டது என்பது விளங்கும். திருவள்ளூர் மாவட்டம் என்று நாம் இன்று வழங்கும் பிரதேசம், ராணுவப் போக்குவரத்து என்னும் சாஸ்திரத்துக்குத் தமிழ்நாட்டிலேயே நமக்குக் கிடைத்த பாடப்புத்தகம்.

ஒரே இரவில் நிறைந்த ஆறு

1780 ஜூலையில் ஹைதர் அலி எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டதென மதிக்கப்பட்ட படையுடன் செங்கம் கணவாய் வழியாகக் கர்நாடகச் சமவெளியில் இறங்கியபோது, சென்னைக் கோட்டையிலிருந்த கும்பினி அதிகாரிகளின் துருப்புகள் நாலா திசைகளிலும் சிதறிக் கிடந்தன. கர்னல் வில்லியம் பெய்லியின் கீழ் ஏறக்குறைய 2,800 பேர் வடக்கே குண்டூர்ப் பக்கத்தில் இருந்தார்கள். பிரதான சேனையோ, பக்சார் யுத்தத்தில் வெற்றி கண்டு புகழ்பெற்ற சர் ஹெக்டர் மன்றோவின் தலைமையில் பரங்கிமலையில் ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. இவ்விரு பிரிவுகளும் எவ்விடத்தில் கூடுவது என்பதே முதற் பிரச்னை. பரங்கிமலைக்கு அருகிலேயே கூடிக்கொண்டு, முழு பலத்துடன் ஒருங்கே புறப்படுவதுதான் விவேகம் என்று படைத்தலைவர்களுள் ஒருவரான மக்லவுட் பிரபு வாதித்தார். ஹைதர் முற்றுகையிட்டிருந்த ஆற்காட்டைக் காக்க வேண்டுமாகையால் காஞ்சிபுரத்தில் கூடுவதே உசிதம் என்பது மன்றோவின் அபிப்பிராயம். மன்றோவின் சொல்லே நின்றது.

தேசப்படத்தை விரித்துப் பார்ப்பவனுக்குக் காஞ்சிபுரம் தக்க இடமாகவே தோன்றும். வடக்கிலிருந்து வருபவனுக்கும் கிழக்கிலிருந்து வருபவனுக்கும் ஆற்காட்டுக்குப் போகிற வழியில் அது ஒரு சந்திப்பு. எத்தனை நாளைக்கு அங்கே தானியம் இருக்கிறது, இடையிலுள்ள ஆறுகளில் எப்பொழுது தண்ணீர் வரும், எதிரியின் குதிரைப்படை எத்தனை மணி நேரத்தில் அவ்விடத்தை எட்டும் என்னும் மூன்று விவரங்களையும் தேசப்படம் சொல்வதில்லை.

கும்மிடிப்பூண்டியில் தங்கிய மறுநாள், அதாவது ஆகஸ்டு 25-ஆம் தேதி, பெய்லியின் படை கொசஸ்தலை ஆற்றின் வடகரையை வந்தடைந்தது. ஆறு அப்போது அநேகமாக வறண்டு கிடந்தது. ஆட்களும் எருதுகளும் பீரங்கி வண்டிகளும் மணலில் இறங்கி அக்கரை ஏறுவதற்கு அன்று மாலைப் பொழுதே போதுமாயிருந்திருக்கும். ஆனால் பகல் முழுவதும் நடந்து களைத்த சேனைக்கு இளைப்பாறுதல் தரக் கருதியோ, ஆற்றின் சுபாவத்தை அறியாமலோ, பெய்லி வடகரையிலேயே கூடாரமடிக்க உத்தரவிட்டார். அன்றிரவு மேற்கே மலைப்பக்கத்தில் பெய்த மழையினால் ஆறு பெருக்கெடுத்தது. அடுத்து வந்த பத்து நாட்களுக்குச் சற்றுக் குறைவான காலம், கையில் பீரங்கியும் வெடிமருந்தும் இருந்தும், அந்தச் சைனியம் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருக்க நேர்ந்தது. செப்டம்பர் மாதம் பிறந்த பிறகே அதனால் அக்கரை சேர முடிந்தது.

கொசஸ்தலையின் கரையில் பிறந்து வளர்ந்தவர்கள் இதைக் கேட்டு வியப்படைய மாட்டார்கள். வருஷத்தில் பெரும்பகுதி மணலும் முட்புதருமாகக் கிடந்து, நகரி மலைப்பக்கத்திலும் மேற்கத்திச் சமவெளியிலும் மழை கொட்டினால் சில மணி நேரத்தில் இரு கரையும் புரள ஓடுகிற ஆறு அது. வறண்டிருக்கும் ஆற்றைக் கண்டு அது வழி என்று எண்ணுகிறவன், வழியின் ஒரு பருவத்தை மாத்திரம் கண்டவனேயன்றி வழியைக் கண்டவனல்லன். சேனையை நடத்துபவர்களிடையே பின்னாளில் நிலைபெற்ற ஒரு விதி உண்டு: இருட்டுவதற்கு முன் ஆற்றைக் கண்டால், கடந்துவிட்டுத் தூங்கு. அந்த விதியை ஒரு நாள் மாலை மறந்ததன் விலையைப் பெய்லியின் ஆட்கள் செலுத்தினார்கள்.

அந்த நாட்களை ஹைதர் வீணாக்கவில்லை. ஆற்காட்டு முற்றுகையைத் தளர்த்திவிட்டுக் காஞ்சிப் பக்கம் வந்தார். பெய்லியை இடைமறிக்கத் திப்புவைப் பெரும்படையுடன் அனுப்பினார். செப்டம்பர் 6-ஆம் தேதி, இன்று திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த பேரம்பாக்கத்தில் திப்பு பெய்லியைத் தாக்கினார். தாக்குதலைப் பெய்லி சமாளித்துவிட்டார். ஆனால் அதற்குமேல் தனியாக நகர வல்லமை இல்லை, தாங்களே வந்து சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று மன்றோவுக்குச் செய்தி போக்கினார். இருவருக்கும் இடையே பதினான்கு மைல்தான் தொலைவு.

அரிசியைக் காத்த சேனாதிபதி

பதினான்கு மைலை மன்றோ ஏன் கடக்கவில்லை? ஐயாயிரத்துக்கும் அதிகமான வீரர்களுடன் ஆகஸ்டு 29-ஆம் தேதியே காஞ்சியை அடைந்திருந்த அவர், புறப்படும்போது ஒரு வாரத்துக்குச் சற்று அதிகமான அரிசியை மாத்திரமே கொண்டுவந்திருந்தார். மிச்சத்தை ஆற்காட்டு நவாபின் ஆட்கள் வழியில் திரட்டிக் கொடுப்பார்கள் என்னும் வாக்குறுதி வாக்குறுதியாகவே நின்றுவிட்டது. அரும்பாடுபட்டுச் சுற்றுப்புறத்திலிருந்து சேகரித்த நெல்லைக் காஞ்சியின் பெரிய கோயிலில் குவித்து வைத்திருந்தார்கள். அவ்விடத்தை விட்டு அவர் பெயர்ந்தால் அத்தானியம் ஹைதரின் குதிரைப்படைக்குப் போய்ச் சேரும். சேர்ந்தால் இரண்டு படைகளும் ஒன்றாகக் கூடிப் பட்டினி கிடக்க வேண்டியதுதான். தன் தோழனைக் காப்பதா, தன் நெல்லைக் காப்பதா என்னும் தர்மசங்கடத்தில் நெல்லே வென்றது. பேருக்குச் சேனாதிபதியாக இருந்தவர் உண்மையில் ஒரு களஞ்சியத்தின் காவற்காரராகிவிட்டார்.

தாம் போகாமல், கர்னல் ஃப்ளெட்சரின் கீழ் ஏறக்குறைய ஆயிரம் பேரை இரவோடிரவாக அனுப்பினார் மன்றோ. வழிகாட்டிகள் பகைவனுக்கு விலைபோனவர்கள் என்று சந்தேகித்த ஃப்ளெட்சர், வழியிடையே திசைமாறிச் சுற்றிக்கொண்டு பெய்லியிடம் போய்ச் சேர்ந்தார். பிறகு இருவருமாகப் புறப்பட்டு, காஞ்சிக்குச் சில மைல் தொலைவிலுள்ள புள்ளலூரை நெருங்கியபோது, மீண்டும் ஓர் இரவு வழியிலேயே தங்கினார்கள். செப்டம்பர் 10-ஆம் தேதி காலையில் ஹைதரின் முழுச் சேனையும் அவர்களைச் சூழ்ந்துகொண்டது. வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. சுமார் 3,800 பேரில் எஞ்சியோர் சிறைப்பட்டு ஸ்ரீரங்கப்பட்டணம் கொண்டு செல்லப்பட்டனர். பெய்லி அங்கேயே மாண்டார். சிறைப்பட்டவர்களில் ஒருவரான டேவிட் பெய்ர்டு, 1799-இல் அதே கோட்டையின்மீது படையேறிச் செல்லப்போகிறவர். செய்தி கேட்ட மன்றோ, இழுத்துச் செல்ல எருதுகள் போதாத பெரிய பீரங்கிகளைக் காஞ்சிக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டு வழியாகச் சென்னைக்கு ஓடினார். எந்த நெல்லுக்காக அவர் நகராமல் இருந்தாரோ, அந்த நெல்லும் அவருக்கு மிஞ்சவில்லை.

இந்தப் புள்ளலூரில் யுத்தம் நிகழ்வது அதுவே முதல் தடவையன்று. மகேந்திரவர்மப் பல்லவன் தன் பகைவர்களை முறியடித்த களம் என்று காசக்குடிச் செப்பேடு குறிப்பிடும் ஊரும் அதுதான். ஆண்டுகள் ஆயிரத்துக்கும் மேல் இடைவெளியிருந்தும், வடக்கிலிருந்து காஞ்சிக்கு வருகிற வழி ஒன்றாகவே இருந்ததால், அவ்வழியில் கூடிய யுத்தங்களின் இடமும் ஒன்றாயிற்று. ராஜ்யங்கள் மாறினாலும் மேட்டையும் பள்ளத்தையும் ஆற்றுத் துறையையும் எளிதில் மாற்ற இயலாது.

1780 நவம்பரில் வங்காளத்திலிருந்து வந்து பொறுப்பேற்ற சர் அயர் கூட், இதே சங்கடத்தை வேறோர் உருவில் அனுபவித்தார். சென்னையைச் சுற்றி வட்டமாகக் கிராமங்களைக் கொளுத்தி, தானியத்தையும் கால்நடைகளையும் அப்புறப்படுத்தி, எதிரியின் சேனை எத்திசையில் அடியெடுத்து வைத்தாலும் பாழ்நிலத்தில் வைக்கும்படி ஹைதர் செய்திருந்தார். கடலூரில் மாதக்கணக்கில் நகர முடியாமல் கிடந்த கூட்டுக்குக் கடல்வழியே ஒன்றே ஆதாரமாயிருந்தது. 1781-இன் தொடக்கத்தில் பிரெஞ்சுத் தளபதி தோர்வ் தம் கப்பல்களுடன் அந்தக் கரைக்கெதிரே வந்து நின்றபோது அந்த ஆதாரமும் அறுபடும் நிலைக்கு வந்தது. ஹைதர் எவ்வளவோ வேண்டியும் அவர் நில்லாமல் மொரீஷியஸுக்குத் திரும்பினார். கூட்டின் சேனை பிழைத்ததற்கு அதுவே காரணம்.

பறங்கிப்பேட்டையில் ஜூலை முதல் தேதி வெற்றி கண்ட பின்பும் கூட்டுக்கு நாளைய சோறு நிச்சயமில்லை. ஆகஸ்டில் அவர் வந்து கைப்பற்றிய திருப்பாசூர்க் கோட்டை, திருவள்ளூருக்கு அருகே இன்று அமைதியான சிவஸ்தலமாக விளங்கும் அதே ஊர்தான். அங்கே சரணடைந்த காவற்படையினருக்குச் சோறிடும் வகை இல்லாததால், அவர்களைக் கைதிகளாக வைத்திருப்பதே பாரமாயிற்று! சிறைப்பிடித்தவனைச் சிறைப்பட்டவர்கள் பயமுறுத்திய விசித்திரம் அது.

இங்கே ஓர் எளிய கணக்கைக் கவனிக்க வேண்டும். அரிசி சுமக்கும் எருதும் தின்னும்; அதற்கான தீவனத்தைச் சுமக்க வேறோர் எருது வேண்டும்; அதுவும் தின்னும். பசும்புல் கிடைக்கும் பூமியில் இக்கணக்கு மறைந்திருக்கும். பாழ்படுத்திய பூமியில் அது தலைவிரித்தாடும். ஆகவேதான் மைசூர் அரசர்கள் பின்னாளில் அமிருத மகால் என்று பெயர்பெற்ற மாட்டினத்தைப் பேணி வளர்ப்பதை ஓர் அரசாங்க இலாகாவாகவே நடத்தினார்கள். 1791 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வாயில்வரை போன கார்ன்வாலிஸ் பிரபு, மாடுகள் செத்து மடிந்ததால் தம் முற்றுகைப் பீரங்கிகளைத் தாமே அழித்துவிட்டுப் பின்வாங்க நேர்ந்தது; மறு வருஷம் லம்பாடி வியாபாரிகளின் பொதிமாட்டுக் கூட்டங்களைத் துணைக்கொண்ட பின்னரே அவர் காரியம் பலித்தது. எந்த அரசனுக்கும் குடிகளாயிராமல், யுத்தத்தில் இரு தரப்புக்கும் தானியம் விற்ற அந்த நாடோடி வியாபாரிகள், தளபதிகள் எழுதி வைக்காத சரித்திரத்தின் கதாநாயகர்கள்.

எருது போய் இயந்திரம் வந்தது

இந்நிலையை இருப்புப்பாதை மாற்றியது. 1853-இல் டல்ஹௌஸி பிரபு எழுதிய பிரசித்தமான குறிப்பில், ரயில்வேயினால் வாணிகத்துக்கு விளையும் நன்மைக்கு நிகராகவே, துருப்புகளை விரைவில் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டு செல்லும் நன்மையும் பேசப்பட்டது. 1856 ஜூலை முதல் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் ரயில், ஆவடியையும் திருவள்ளூரையும் அரக்கோணத்தையும் தொட்டுக்கொண்டு சென்றது. எழுபத்தாறு வருஷங்களுக்கு முன் சேனைகள் நாட்கணக்கில் தவழ்ந்த பூமியைச் சில மணி நேரத்தில் கடப்பது சாத்தியமாயிற்று. 1899-இல் கும்மிடிப்பூண்டி வழியாகக் கூடூரை எட்டும் கடற்கரைப் பாதையும் திறக்கப்பட்டு, எண்ணூருக்கு அப்பால் கொசஸ்தலையின் கழிமுகத்தையும் பொன்னேரிக்கு அப்பால் ஆரணியாற்றையும் நிரந்தரப் பாலங்கள் தாண்டின. இதற்கிடையே, 1870-இல் பிரஷ்யத் தளபதி மோல்ட்கே பிரான்சின்மீது படையெடுத்தபோது ரயில் அட்டவணையே யுத்தத் திட்டமாயிருந்ததை ஐரோப்பா கண்டு திகைத்தது.

இரண்டாம் உலக மகாயுத்தத்தில், 1942 ஏப்ரல் 5-ஆம் தேதி கொழும்பிலும் 9-ஆம் தேதி திருகோணமலையிலும் ஜப்பானியக் குண்டுகள் விழுந்து, சென்னைவாசிகள் மூட்டை முடிச்சுகளுடன் உள்நாட்டுக்கு ஓடிய காலத்தில், இந்த மாவட்டத்தின் முகம் மாறியது. கடலுக்கு அருகிலும், ஆனால் கடலிலிருந்து நேரே தெரியாத தூரத்திலும், இருப்புப்பாதையை ஒட்டியும் இருந்த ஆவடியில் பெரிய ராணுவ முகாம் எழுந்தது. கல்கத்தா செல்லும் பெருஞ்சாலையருகே சோழவரத்தில் போடப்பட்ட விமான ஓடுதளம், யுத்தம் ஓய்ந்த பின் பல்லாண்டுகள் மோட்டார் பந்தயத்துக்குப் பெயர்பெற்ற மைதானமாயிற்று. ஆவடியிலிருந்து பிரியும் கிளைப்பாதையின் முனையைப் புறநகர் ரயிலில் தினம் போய்வருகிறவர்கள் இன்றும் 'பட்டாபிராம் மிலிட்டரி சைடிங்' என்றே சொல்கிறார்கள். ராணுவச் சரக்கை இறக்குவதற்காகப் போட்ட பாதையில் கல்லூரி மாணவர்களும் ஆலைத் தொழிலாளர்களும் போகிறார்கள்.

பாதை ஒன்றிருப்பதும் பாதைகளின் வலை இருப்பதும் வெவ்வேறு. 2024 அக்டோபர் 11-ஆம் தேதி இரவு கும்மிடிப்பூண்டிக்கு அடுத்த கவரைப்பேட்டையில் பாக்மதி எக்ஸ்பிரஸ், நின்றிருந்த சரக்கு ரயிலின்மீது மோதியபோது, சென்னையிலிருந்து வடக்கே செல்லும் பிரதான மார்க்கம் அடைபட்டது. ஆயினும் வடக்கே போகும் வண்டிகள் முற்றும் நின்றுவிடவில்லை. அரக்கோணம், ரேணிகுண்டா வழியே சுற்றிக்கொண்டு போயின. அந்த மேற்குப் பாதை அன்றிரவு போட்டதன்று. அது ஏற்கெனவே இருந்ததால்தான் பயன்பட்டது. சுற்று வழியைச் சமாதான காலத்தில் வீண் செலவென்று கணக்குப் பிள்ளை கருதலாம். ஆபத்துக் காலத்தில் அதுவே பிரதான வழி.

பாலத்தைச் சுமந்து செல்லும் வாகனம்

சுதந்திர இந்தியாவில் ஆவடி, டாங்கிகளின் பிறப்பிடமாயிற்று. 1965-இன் இறுதியில் விஜயந்தா இங்கே முதன்முதலாக உருவாகி வெளிவந்தது. பிறகு சுமார் 41 டன் எடையுள்ள டி-72, 46 டன் எடையுள்ள டி-90 ஆகியவை தொடர்ந்தன. நம்மவர்களே வடிவமைத்த அர்ஜுன் முதல் வகையில் 58 டன்னைத் தாண்டி, மார்க் 1ஏ வகையில் 68 டன்னை எட்டியது. தொழிற்சாலை எல்லைக்கு வெகு தொலைவில் இருப்பது ஒரு விதத்தில் பாதுகாப்பு. மறு விதத்தில் அதுவே பாரம். ராஜஸ்தானத்து மணலுக்குப் போக வேண்டிய ஒவ்வொரு டாங்கியும், தமிழ்நாட்டிலிருந்து தேசத்தின் குறுக்கே, தாழ்ந்த தனி வேகன்களில், பாதையோரத்து மேடைகளையும் கம்பங்களையும் உராயாமல் செல்ல வேண்டும். கனத்த கவசம் பூண்ட அர்ஜுனைக் கால்வாய்கள் பின்னிய பஞ்சாப் சமவெளியின் பாலங்கள் தாங்குமா என்னும் கேள்வி, அதன் பீரங்கியின் திறமையைவிட அதிக வாதப்பிரதிவாதத்துக்கு இடமளித்தது. டாங்கியின் எடையை நிர்ணயிப்பவர், தாம் அறிந்தோ அறியாமலோ, அது போகக்கூடிய ஊர்களின் பட்டியலையும் நிர்ணயிக்கிறார்.

இதற்கு ஆவடியே ஒரு பரிகாரமும் தருகிறது. டாங்கியின் அடிச்சட்டத்தின்மீது பீரங்கிக்குப் பதிலாக மடித்து வைத்த பாலத்தைப் பொருத்தி, ஓடையோ கால்வாயோ குறுக்கிட்டால் சில நிமிஷங்களில் விரித்துப் போட்டுத் தன் கூட்டத்தாரைக் கடக்கச் செய்யும் வாகனங்கள் உண்டு. விஜயந்தாவின் அடிச்சட்டத்தில் அமைந்த 'கார்த்திக்' அவ்வகையது. 2025 ஜனவரியில் டி-72 அடிச்சட்டத்தில் அமையும் 47 பாலமிடும் டாங்கிகளுக்குப் பாதுகாப்பு அமைச்சகம் ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையோடு ஒப்பந்தம் செய்தது. மதிப்பு சுமார் 1,560 கோடி ரூபாய். சுடுவதற்கன்றிக் கடப்பதற்கென்றே இவ்வளவு பணம் செலவிடும் தேசம், யுத்தத்தின் பாதி கடப்பதில்தான் இருக்கிறதென்று ஒப்புக்கொள்கிறது.

கொசஸ்தலை கடலில் கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்துக்கு வடக்கே காட்டுப்பள்ளி உள்ளது. 2022 ஆகஸ்டு 7-ஆம் தேதி அங்குள்ள எல் அண்டு டி கப்பல் தளத்துக்குச் 'சார்ல்ஸ் ட்ரூ' என்னும் அமெரிக்கக் கடற்படைக் கப்பல் பழுது பார்க்க வந்தது. அமெரிக்கக் கடற்படையின் கப்பலொன்று இந்தியாவில் பழுது பார்க்கப்பட்டது அதுவே முதல் தடவை. அது போர்க்கப்பலன்று, போர்க்கப்பல்களுக்கு உணவும் தளவாடமும் கொண்டு செல்லும் சரக்குக் கப்பல். வல்லரசின் பலம் அதன் பீரங்கிக் கப்பலில் மாத்திரமன்று, அதற்குச் சோறு கொண்டு செல்லும் கப்பலை எந்தத் துறையில் செப்பனிட முடியும் என்பதிலும் அடங்கியிருக்கிறது.

மழைநாளின் கணக்கு

எண்ணூர்த் துறைமுகத்தில் தொடங்கி, தச்சூர், திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர், சிங்கப்பெருமாள்கோயில் வழியாக மாமல்லபுரத்தை எட்டும் சென்னை எல்லைச் சாலை இப்போது உருவாகி வருகிறது. துறைமுகத்துக் கொள்கலன்களும், கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் இரும்பும், ஸ்ரீபெரும்புதூரின் மோட்டார் வாகனங்களும் நகருக்குள் நுழையாமலே போய்வர அது பயன்படும். சமாதான காலத்தில் சரக்குக்கு இடும் சாலையே ஆபத்துக் காலத்தில் சேனைக்கும் சாலை. தனியாக ராணுவத்துக்கென்று நாடெங்கும் பாதையிட எந்தத் தேசத்துக்கும் செல்வமில்லை.

ஆனால் அகன்ற சாலையின் அகலத்தைக் கண்டு மயங்குதல் கூடாது. 1944-இல் கட்டி முடித்த பூண்டி நீர்த்தேக்கம் கொசஸ்தலையை ஓரளவு கட்டுப்படுத்தியிருக்கிறது. ஆயினும் பெருமழை ஆண்டுகளில் அதன் மதகுகள் திறக்கப்படும்போது கீழேயுள்ள தரைப்பாலங்கள் மூழ்கி, அக்கரையிலுள்ள கிராமங்கள் துண்டிக்கப்படுவதை இந்த மாவட்டத்தார் பலமுறை கண்டிருக்கிறார்கள். ஆறு வழிச்சாலையில் நூறு லாரிகள் ஏககாலத்தில் ஓடலாம். அச்சாலைக்கு வந்து சேரும் ஊர்வழியில் ஒரு தரைப்பாலம் மூழ்கினால், ஆலைக்கு ஆள் வராது, ஆஸ்பத்திரிக்கு நோயாளி போக மாட்டார், நிவாரணத்துக்கு வரும் ராணுவ வண்டியும் கரையிலேயே நிற்கும். வலையின் வலிமை அதன் தடித்த கயிற்றினால் அளக்கப்படுவதன்று. அறுபடக்கூடிய மெல்லிய முடிச்சினால் அளக்கப்படுவது.

ஆகவே, ராணுவத் திட்டம் வகுப்போரும் மாவட்ட நிர்வாகம் நடத்துவோரும் கேட்க வேண்டிய கேள்விகள் ஒன்றேயாகும். இந்த வழி வறட்சியில் எத்தனை டன் தாங்கும் என்பது பாதிக் கேள்வி. மழையில் எத்தனை நாள் அடைபடும்? அடைபட்டால் மாற்று வழி எது? அதுவரை அக்கரையில் உணவும் எரிபொருளும் எவ்வளவு இருக்கும்? இம்மூன்றுக்கும் விடை எழுதாமல் போடும் எந்தச் சாலையும் கோடைகாலத்துச் சாலையேயாகும். பாதுகாப்புத் தொழில் வழித்தடம் என்று பெயரிட்டுத் தமிழ்நாட்டில் ஆலைகளும் முதலீடுகளும் பெருக்க முனைந்திருக்கும் இக்காலத்தில், ஒவ்வொரு புதிய ஆலையின் திட்டத்தோடும், அதற்குச் செல்லும் வழியிலுள்ள தரைப்பாலங்களை உயர்த்தும் திட்டமும் சேர்ந்தே ஒப்புதல் பெற வேண்டும். அந்தச் செலவை வளர்ச்சிக்கு மேற்பட்ட அலங்காரமாகக் கருதுவோர், எத்தனை டாங்கிகளை வார்த்தெடுத்தாலும், அவற்றை வேண்டிய நாளில் வேண்டிய இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும் சக்தியைப் பெறமாட்டார்கள்.